போதை புகுந்த வீட்டில் படிக்கிற பிள்ளை



குடும்ப நலம் என்று பேச்செடுத்தாலே, எத்தனை பிள்ளை, எத்தனை வருஷ இடைவெளி என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று நினைப்பீர்கள். அளவோடு பெற்றால் மட்டும் போதுமா? பெற்ற இரண்டும் நல்லபடியாக ஆளாக வேண்டாமா? இரண்டில் ஒன்று போதையில் விழுந்துவிட்டால் மற்றதின் படிப்பை என்ன செய்வது? இன்றைக்கு அதுதான் பேச்சு.

ஒரு வீட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பேர் வேண்டாம். மூத்தவன் பையன், பத்தொன்பது வயசு. முதலில் கஞ்சா. அப்புறம் வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம். இளையவள் பெண், பன்னிரண்டாம் வகுப்பு. அவன் ஆட்டை விற்றான், அம்மாவின் தோட்டை விற்றான், ஒருநாள் கஞ்சாப் பொட்டலத்தோடு போலீசில் பிடிபட்டான். வக்கீல் செலவுக்கு அப்பா நிலப் பத்திரத்தை அடகு வைத்தார். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பெண் சொல்கிறாள்: "அப்பா, நான் சட்டம் படிக்கப் போறேன். கிடைக்கலேன்னா போலீசுக்குப் படிக்கிறேன்."

அப்பாவுக்கு ஆத்திரம். "கோர்ட்டு வாசல்ல நான் நிக்கிறது போதாதா? நீயும் அங்கதான் போகணுமா?" அம்மா வேறு கணக்குப் போடுகிறாள். "மாமன் வீட்ல கேக்கறாங்க. பேரு இன்னும் கெடறதுக்குள்ள கட்டிக் கொடுத்திடலாங்க."

இரண்டு பேரும் பேசுவது பாசத்தில்தான், சந்தேகமில்லை. ஆனால் முடிவில் என்ன நடக்கிறது பாருங்கள். தப்பு வழியில் போனவன் ஒருவன், படிப்பை இழப்பவள் இன்னொருத்தி. 18 வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006 ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஏற்கனவே ஒரு வழக்கு நடக்கும் வீட்டில் இன்னொரு வழக்கு எதற்கு?

முதலில் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஒரு வழி பிறக்காமல் பெண்ணின் படிப்பைப் பற்றி அந்த வீட்டில் நிதானமாகப் பேச முடியாது.

போதைப் பழக்கம் முற்றினால் அது நோய். அடித்தாலும், அறையில் போட்டுப் பூட்டினாலும் தீராது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டிப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தாலும் போதை மீட்பு பற்றி வழி சொல்வார்கள். ஊசி போட்டுக்கொண்டவன் என்றால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். கல்யாணம் ஆனவனாக இருந்தால் மனைவிக்கும் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு நம்பிக்கை மையங்களில் இலவசம். அங்கே விவரத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

போதையில் இருப்பது தகப்பனார் என்றால், ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளைக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. கோவிலில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கட்டிய கையோடு டாக்டரையும் பாருங்கள்.

இப்போது பெண்ணுக்கு வருவோம். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? கேட்டால் பாதிப் பெண்கள் சொல்வது இதுதான்: "விக்கிறவன் எல்லாரையும் உள்ளே தள்ளணும். அண்ணனையும் சேர்த்து வைக்கட்டும், அப்பத்தான் திருந்துவான்." கோபத்தில் பிறந்த ஆசை. அதற்காக மட்டமானது இல்லை. கோபம் படிக்கப் படிக்கப் பக்குவப்படும். எப்படி என்று ஒரு உதாரணம் காட்டுகிறேன்.

போதைப் பொருளுக்கான சட்டம் 1985 இல் வந்தது. அது எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவென்றால் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் என்றால் வியாபார அளவு. வியாபார அளவு என்றால் 10 வருஷத்துக்குக் குறையாத கடுங்காவல், ஜாமீன் கிடைப்பதும் கஷ்டம். சிறு அளவென்றால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையான ஒருவர் மேல், உபயோகித்தார் என்றோ சிறு அளவு வைத்திருந்தார் என்றோ வழக்கு வந்து, அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம்.

இந்த ஒரு பிரிவு தெரிந்திருந்தால் அந்த அப்பா முதலில் வக்கீலிடம் என்ன கேட்டிருப்பார்? சிகிச்சையைப் பற்றித்தானே? அந்த வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. "அண்ணனையும் உள்ளே வை" என்கிற பெண் நாளைக்கு இதைப் படித்தால், விற்கிறவன் வேறு, நோயாளி வேறு என்று சட்டமே பிரித்துப் பார்ப்பதைத் தெரிந்துகொள்வாள். போலீசாக நின்றாலும் வக்கீலாக நின்றாலும், எதிரில் நிற்கும் இன்னொரு வீட்டுப் பையனை அவள் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும். தன் வீட்டில் பட்டவளுக்குப் புத்தகம் பாதிதான் புதுசு.

அடகு வைத்த பத்திரத்துக்கும் ஒரு வார்த்தை. 1987 ஆம் வருஷத்துச் சட்டப்படி, காவலில் இருப்பவர்களுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கும், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் 15100. நிலத்தில் கை வைப்பதற்கு முன்னால் அந்தப் படி ஏறிப் பாருங்கள்.

"அண்ணன் மேல கேஸ் இருக்கே, இவளுக்குப் போலீஸ் வேலை கொடுப்பாங்களா?" என்று கேட்பீர்கள். ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி. போலீஸ் வேலைக்கான விதி கேட்பது, விண்ணப்பிக்கிறவர் தாமே ஒரு குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கிறாரா என்பது. ஆகவே அவள் பேர் எந்த வழக்கிலும் வராமல் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. போலீஸ் வருகிறதென்று தெரிந்ததும், "இந்தப் பொட்டலத்தை உன் புத்தகப் பையில போட்டுக்கோ, பொம்பளைப் பிள்ளை பையைப் பார்க்க மாட்டாங்க" என்று கொடுக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். வேண்டாம் தாயே, ஒருநாளும் வேண்டாம். மகனைக் காப்பாற்றப் போய் மகளின் வாழ்க்கையைக் கொடுக்கிற வேலை அது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கொண்டு மதுவையோ போதைப் பொருளையோ சுமக்க வைத்தாலும் விற்க வைத்தாலும், 2015 ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டப்படி 7 வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

என்ன படிக்கலாம்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஐந்து வருஷச் சட்டப் படிப்பு இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் வாங்கிவிட்டால் மூன்று வருஷத்தில் முடிக்கலாம். சென்னையில் 1997 இல் ஏற்பட்ட அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி முதலிய ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குச் சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்க 2021 இல் சட்டம் வந்தது. குற்றம் ஏன் நடக்கிறது, செய்தவனை எப்படித் திருத்துவது, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன செய்வது என்று படிக்கும் குற்றவியல் பட்ட மேற்படிப்பு, சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. போலீசில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பும், சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் பட்டமும் வேண்டும். காக்கிச் சட்டையும் கறுப்புக் கோட்டும் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தையில் விடப்படுபவர்களைக் கவனிக்கும் அலுவலர் வேலை, குழந்தைகள் பாதுகாப்பு வேலை என்று வேறு இடங்களும் இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் நான் பெற்றோர் பக்கம் நிற்க மாட்டேன். "நீ படிச்சு வந்து அண்ணனைக் கேஸ்லேர்ந்து எடுக்கணும்" என்று பெண் தலையில் பாரம் வைப்பார்கள். அவள் ஐந்து வருஷம் படித்து முடிப்பதற்குள் அந்த வழக்கே முடிந்திருக்கும்! ராத்திரி அவன் திரும்பி வருகிறானா என்று விழித்திருப்பது, பாக்கெட்டைத் துழாவிப் பார்ப்பது, அவனுக்குப் புத்தி சொல்வது எல்லாம் அவள் வேலை இல்லை. புருஷனும் பெண்சாதியும் முறை போட்டுக்கொண்டு அதைச் செய்யுங்கள். "நீ கொடுத்த செல்லம்" என்று அவரும், "நீங்க குடிச்சதைப் பார்த்துத்தானே" என்று நீங்களும் தர்க்கம் பண்ணுவதை அவள் படிக்கும் நேரத்திலாவது ஒத்தி வையுங்கள். வீட்டில் அமைதி இல்லையென்றால் பரீட்சை முடியும் வரை பாட்டி வீட்டிலோ அரசு மாணவியர் விடுதியிலோ விடலாம்.

நாளைக்குக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். அவளுடைய மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, அசலை ஒரு பையில் போட்டு, நம்பகமான உறவுக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். போதை தேவைப்படுகிற நேரத்தில் வீட்டில் எது கிழியும், எது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. பையனை எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கிழமை கூட்டிப் போவது என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். தெருவில் வைத்துக் கேட்கக் கூச்சமாக இருந்தால், துணை சுகாதார நிலையத்துக்கே போய்த் தனியாகப் பேசலாம்.