தனித்திருக்கும்போது மூச்சடைத்தால்



உண்ணும்போது புரையேறினால், யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். இருமல் அடங்கியதும் உணவைத் தொடர்கிறோம். ஆனால், இருமலே எழாமற்போனால் என் செய்வது? தட்டுவதற்கும் அருகில் ஆளில்லை என்றால்? விடுதி அறையில் தனியே உண்ணும் ஒவ்வொருவரும் இவ்வினாவுக்கு விடை அறிந்திருத்தல் வேண்டும்.

உணவுக்குழலும் மூச்சுக்குழலும் தொண்டையில் அடுத்தடுத்து அமைந்தவை. விழுங்கும்போது குரல்வளையின் மேலுள்ள சிறு மூடி சாய்ந்து மூச்சுவழியைக் காக்கிறது. உண்டுகொண்டே பேசும்போதும் சிரிக்கும்போதும் அக்காவல் தவறக்கூடும். வழிமாறிய துணுக்கை உடல் இருமித் தள்ள முயல்கிறது. ஆதலின், இருமவும் பேசவும் முடிகிறவரை வலிந்து இருமிக்கொண்டே இருங்கள். அதனினும் சிறந்த மருந்து அப்போது வேறில்லை.

குரல் எழாது, இருமல் வராது, மூச்சும் செல்லாது என்னும் நிலையே பேராபத்து. விரைவில் நினைவு தவறும். சில நிமிடங்களில் மூளை கேடுறும். தண்ணீர் குடிப்பதால் பயனில்லை. விரலை விட்டுத் துழாவினால் அடைப்பு இன்னும் ஆழச் செல்லக்கூடும்.

ஆயினும், அடைப்புக்குக் கீழே நுரையீரலில் சிறிது காற்று எஞ்சியிருக்கிறது. அதுவே நமக்குள்ள கருவி. அக்காற்றைக்கொண்டே அடைப்பைத் தள்ளும் முறையை 1974-ஆம் ஆண்டில் ஹென்றி ஹைம்லிக் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் வெளியிட்டார். மேல்வயிற்றை அழுத்தினால் உதரவிதானம் மேலெழுந்து நுரையீரலை நெருக்கும்; காற்று விசையுடன் வெளிப்படும்.

இதனை நமக்கு நாமே செய்துகொள்ளலாம். ஒரு கையை முட்டியாக மடக்கித் தொப்புளுக்குச் சற்று மேலே, மார்பெலும்பின் முனைக்குக் கீழே வையுங்கள். மறுகையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் வெடுக்கென்று அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கையில் வலுவில்லையேல், அசையாத நாற்காலியின் முதுகுச் சட்டத்தின்மேல் அதே இடம் படும்படி குனிந்து, உடலின் பாரத்தால் அழுத்துங்கள். மேசை விளிம்பும் உதவும். கருவுற்ற தாய்மாரும் கைக்குழந்தைகளும் இம்முறைக்கு விலக்கு.

கைப்பேசி அருகில் இருப்பின் 108-ஐ அழைத்து, பேச இயலாவிடினும் இணைப்பைத் துண்டியாது விடுங்கள். கதவைத் திறந்து, பிறர் கண்ணில் படும் இடத்திற்கு வாருங்கள். பந்தியில் மூச்சடைத்தோருட் சிலர் கூச்சத்தால் எழுந்து தனியிடம் நாடுகின்றனர். உதவி சூழ்ந்திருக்கத் தாமே தனிமையைத் தேடிக்கொள்ளும் அக்கூச்சம் உயிரைப் பறித்துவிடும். தொண்டையைக் கையாற் பற்றிக் காட்டினாலே போதும், அருகிலுள்ளோர் அறிந்துகொள்வர்.

அடைப்பு நீங்கியபின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அழுத்தத்தால் உள்ளுறுப்புகள் ஊறுபட்டிருக்கக்கூடும். அதனால், இதனை விளையாட்டாக அழுத்திப் பார்த்தலும் ஆகாது. கையை வைக்கவேண்டிய இடத்தை மட்டும் இன்றே தொட்டறிந்துகொள்ளுங்கள். மூச்சடைத்த வேளையில் ஏட்டைப் புரட்ட நேரமிராது. நெஞ்சில் பதிந்த பாடமே அப்போது கைகொடுக்கும்.