ஐஸ்லாந்துக்குப் போன டிராகுலா



பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் லண்டனில் வெளிவந்தது 1897-இல். 1900 ஜனவரியில் ரெய்க்யாவிக் நகரின் 'ஃபியாட்ல்கோனன்' பத்திரிகை அதைத் தொடர்கதையாகப் போடத் தொடங்கியது. தலைப்பு 'மக்த் மிர்க்ரன்னா'. இருளின் ஆற்றல் என்று பொருள். 1901-இல் அது புத்தகமானது. அன்றைக்கு ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 78,000தான்.

அதை ஐஸ்லாந்து மொழியில் தந்தவர் பத்திரிகையின் ஆசிரியர் வால்டிமார் ஆஸ்முண்ட்சன். ஐஸ்லாந்தின் பழைய வீரக்கதைகளான சாகாக்களைப் பதிப்பித்துப் பொதுமக்கள் கையில் சேர்த்தவர். அவருடைய மனைவி பிரியேத், ஐஸ்லாந்துப் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய தலைவி. புத்தகம் வந்த மறு ஆண்டே வால்டிமார் காலமானார்.

பிறகு அந்த நூலை வெளியுலகம் மறந்தது. 1986-இல் அதன் முன்னுரை மட்டும் ஆங்கிலத்துக்கு வந்தது. லண்டனை உலுக்கிய ஒயிட்சேப்பல் தொடர்கொலைகளைப் பற்றிய குறிப்பு அதில் இருந்ததால் ஆய்வாளர்கள் அந்தச் சில பக்கங்களையே அலசினார்கள். உள்ளே இருப்பது மூலத்தின் சுருக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள். முன்னுரையை இவ்வளவு தோண்டியவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்க வேண்டாமா?

ஹான்ஸ் டி ரூஸ் என்ற ஆய்வாளர் புரட்டினார். 2014-இல் அவர் வெளியிட்ட செய்தி டிராகுலா அன்பர்களைத் திகைக்க வைத்தது. இது வேறு கதை!

மூலத்தில் 27 அத்தியாயங்கள். கதைநாயகன் ஜோனதன் ஹார்க்கர் டிராகுலாவின் கோட்டையில் தங்கும் பகுதி முதல் நான்கோடு முடிகிறது. ஐஸ்லாந்து நூலிலோ பெரும்பகுதி கோட்டைக்குள்தான். ஜோனதன் இங்கே தாமஸ். அவன் காதலி மீனா இங்கே வில்மா. மூன்று ரத்தக்காட்டேரிப் பெண்களுக்குப் பதில் பொன்னிறக் கூந்தலோடு ஒரே ஒருத்தி. ஆபத்தென்று தெரிந்தும் தாமஸின் மனம் அவள் பக்கமே சாய்கிறது. கோட்டைக்கு அடியில் மறைவான ஒரு கோயில்; அங்கே குரங்கைப் போன்ற உருவமுள்ள கூட்டத்தின் நடுவே டிராகுலா பிரபுவே நரபலிச் சடங்கை நடத்துகிறான். அதை ஒளிந்திருந்து பார்க்கிறான் தாமஸ். படிக்கிறவருக்கும் அவனோடு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் நிலைதான். இங்கிலாந்துப் பகுதி வந்ததும் நாட்குறிப்பு நடை போய்விடுகிறது, கதை அவசரமாக ஓடி முடிகிறது. அது குறைதான். ஆனால் அச்சத்தைக் கோட்டைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்திருக்கும் முதல் பகுதி, மூலத்தின் பக்கத்தில் கூசாமல் நிற்கக்கூடியது.

டி ரூஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017-இல் வந்தது. அந்த ஆண்டே கதை இன்னொரு திருப்பம் கண்டது. 1899-இலேயே ஸ்வீடனின் 'டாகென்' நாளிதழில் 'மோர்க்ரெட்ஸ் மாக்டெர்' என்ற தொடர் வந்திருந்ததை ரிக்கார்டு பெர்க்ஹோர்ன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். ஐஸ்லாந்து நூலைவிட அது நீளமானது. வால்டிமாரின் நூல் அந்த ஸ்வீடிஷ் கதையிலிருந்து வந்ததுதான். ஸ்வீடிஷ் கதையை எழுதியவரோ முழுப்பெயரைத் தராமல் இரண்டு எழுத்துகளை மட்டுமே கையெழுத்தாக இட்டிருந்தார்.

அப்படியானால் இதில் ஸ்டோக்கருக்குப் பங்கு உண்டா? பிலடெல்பியாவின் ரோசன்பாக் நூலகத்தில் ஸ்டோக்கர் தம் கைப்பட எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. பிரபுவுக்கு வாய்பேசாத, காதுகேளாத பணிப்பெண் ஒருத்தி, ஒரு துப்பறிவாளர் என்று அவற்றில் திட்டமிட்டிருந்தார். அச்சான 'டிராகுலா'வில் இந்த இருவருமே இல்லை. ஐஸ்லாந்து நூலில் இருவரும் இருக்கிறார்கள். ஸ்டோக்கரின் பழைய வரைவு எதுவும் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்ததா, அல்லது இது தற்செயலா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.