தோல் ஷூவால் விழுந்த கோல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பாலாற்றுப் பக்கமெல்லாம் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போகும் சகோதரிகளே, தோல் பதனிடும் அண்ணன்மார்களே, இன்று உங்களுக்கு ஒரு ஷூவின் கதை சொல்கிறேன்.

2009 அக்டோபர். ஜப்பானின் யோகோஹாமாவில் கால்பந்து ஆட்டம். ஆட்டக்காரர் ஒருவர் அடிபட்டுக் கிடந்ததால் கோல்கீப்பர் பந்தை வெளியே உதைத்தார். கோட்டோரம் கோட்டும் சூட்டும் தோல் ஷூவுமாக நின்றிருந்தார் எதிரணிப் பயிற்சியாளர். உயரத்திலிருந்து இறங்கிய பந்து தரையைத் தொடும் முன்பே ஓர் உதை விட்டார். ஏறக்குறைய 50 மீட்டர் பறந்து நேராக வலைக்குள் விழுந்தது! கோல் கணக்கில் சேரவில்லை. நடுவர் அவரையே வெளியேற்றினார். ஆனால் அந்தக் காட்சி உலகமெல்லாம் சுற்றியது.

ஷூ தைப்பவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கடினமென்று. மேடைக்கும் ஆபீசுக்கும் போடும் ஷூவின் சோல் வழவழப்பானது, புல்லில் வழுக்கும். விளையாட்டு ஷூவின் பிடிமானம் அதில் கிடையாது.

அவர் பெயர் டிராகன் ஸ்டோய்கோவிச். 1965இல் செர்பியாவின் நீஷ் நகரில் பிறந்தவர். செல்லப் பெயர் பிக்ஸி. 1990 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு செர்பியாவும் அப்போது அடங்கியிருந்த யுகோஸ்லாவியாவைக் காலிறுதிக்குக் கொண்டுபோனார். அங்கே அர்ஜென்டினாவுடன் பெனால்டி உதைகளில் அவர் அடித்தது மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 1992இல் போரின் காரணமாக அவர் நாட்டு அணி ஐரோப்பியக் கோப்பையிலிருந்து விலக்கப்பட்டது. ஆட்டத்தின் நல்ல வயது அப்படிக் கழிந்தது.

1994இல் ஜப்பானின் நகோயா அணிக்கு வந்தார். டொயோட்டா கார் ஆலைகள் சூழ்ந்த ஊர் அது. தோலால் நம் ஊர் பிழைப்பதுபோல, காரால் பிழைக்கும் ஊர். அணியோ பட்டியலின் அடியில் கிடந்தது. மறு ஆண்டே ஜப்பான் லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. பேரரசர் கோப்பையை இரண்டு முறை வென்றார்கள். 2001 வரை அங்கேயே ஆடினார். பிறகு 2008இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்து, 2010இல் அந்த ஊருக்கு முதல் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

யோகோஹாமாவில் அந்த உதை ஒரு நொடிதான். பந்து எங்கே இறங்கும், பாதத்தின் எந்த இடத்தில் படவேண்டும் என்று அந்தக் காலுக்குத் தெரிந்திருந்தது. நகோயா மக்கள் அவரைக் கொண்டாடியதும் அந்த ஒரு நொடிக்காக அல்ல. தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் வந்து, கூடவே இருந்து, மறுபடியும் திரும்பி வந்ததற்காக. வருடக்கணக்காகப் பழகிய கை, கண்ணால் பார்க்காமலே தையலை நேராகப் போடும் என்பதை அறிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.