அம்மை கண்டவரோடு உடனிருந்தோர்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



சங்கத்தில் கடன் வாங்கியவருக்குத் தவணை நாள் தெரியும். கடன் கொடுத்த சங்கத்துக்கும் தெரியும். அந்த நாள் பேரேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டபொழுது, அப்பிள்ளையோடு உண்டு உறங்கி விளையாடிய மற்றப் பிள்ளைகளுக்கு அது எந்த நாளில் வெளிப்படும் என்று விசாரித்தால், "யார் கண்டார்?" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். மணல்வாரி என்று கிராமங்களில் வழங்கும் இந்நோய்க்கும் தவணை உண்டு. அந்தத் தவணையை நாள் குறித்துக் கணக்கிட்டு உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் பீட்டர் லுட்விக் பானும் என்னும் டேனிஷ் வைத்தியர். அவர் அதைக் கண்டறிந்த இடம் ஒரு பெரிய கலாசாலை அன்று. நடுக்கடலில் கிடந்த மீனவர் கிராமங்களே.

ஸ்காத்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே வட அட்லாண்டிக் கடலில் பேரோ தீவுகள் என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. டென்மார்க் அரசுக்குட்பட்டது. 1846-ஆம் ஆண்டில் அங்கே வசித்தவர்கள் 7,782 பேர். ஆடு வளர்த்தலும் மீன் பிடித்தலுமே அவர்களுடைய ஜீவனம். ஒரு கிராமத்துக்கும் மறு கிராமத்துக்கும் இடையே கடலோ செங்குத்தான மலையோ குறுக்கிடும். ஆகையால் இன்ன நாளில் இன்ன படகு வந்தது, இன்னார் இறங்கினார் என்பது ஊரார் அனைவர்க்கும் நினைவிருக்கும்.

அத்தீவுகளில் தட்டம்மை கடைசியாகக் கண்டது 1781-இல். அதன் பின் 65 ஆண்டுகள் அது தலைகாட்டவில்லை. அவ்விடத்திலேயே பிறந்து வளர்ந்து 65 வயதுக்குட்பட்டிருந்த அனைவரும் அந்நோயை அறியாத உடம்பினர். காய்ந்த வைக்கோற்போர் போன்றது அந்த நிலை.

1846 மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் ஒரு தச்சர் கோபன்ஹேகன் நகரை விட்டுக் கப்பலேறி, 28-ஆம் நாள் தீவுகளின் தலைநகரான தோர்ஷவ்னில் இறங்கினார். புறப்படுவதற்குச் சற்று முன்பு அவர் தட்டம்மை கண்ட சிலரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கடற்பிரயாணத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அவருக்குத் தட்டம்மை கண்டது. அடுத்து நோயுற்றவர்கள் யார்? அவரோடு நெருங்கிப் பழகிய நண்பர் இருவர். ஊரில் வேறெவரும் அல்லர், அவ்விருவரே. இந்தத் தொடக்கத்திலிருந்து சில மாதங்களுக்குள் 6,000 பேருக்கு மேல் நோயில் வீழ்ந்தனர்.

டேனிஷ் அரசாங்கத்தார் பானும், மானிக்குஸ் என்னும் இரு இளம் வைத்தியர்களை அனுப்பினர். பானும் அவர்களுக்கு அப்பொழுது வயது 25. பரீட்சை தேறி அதிக காலம் ஆகவில்லை. அம்மை நோயைத் தீர்க்கும் மருந்து அவரிடம் இல்லை. நோயை உண்டாக்கும் வைரஸ் என்பதையும் அக்காலத்தில் ஒருவரும் அறியார். அதைப் பிரித்தெடுத்தது 1954-இல்தான். அவர் கையில் இருந்தவை ஒரு குறிப்புப் புத்தகமும் ஒரு கேள்வியுமே. கிராமம் கிராமமாகச் சென்று, நோயுற்றவர் கடைசியாக எந்த நாளில் நோயாளியோடு கூடியிருந்தார், உடம்பில் தடிப்பு எந்த நாளில் கண்டது என்று விசாரித்து எழுதிக்கொண்டார்.

தியோர்னுவீக் என்னும் சிற்றூரில் அவருக்குக் கிடைத்த விவரம் மிகத் தெளிவானது. ஜூன் மாதம் 4-ஆம் நாள் அவ்வூரார் 10 பேர் ஒரு படகில் ஏறி, வெஸ்ட்மன்னா துறையில் நடந்த திமிங்கில வேட்டைக்குச் சென்றனர். பல ஊரார் ஒன்றுகூடித் திமிங்கிலங்களைக் கரைக்கு வளைத்து, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வது அத்தீவுகளின் பழைய வழக்கம். கூட்டுறவு என்ற பெயரறியாத கூட்டுறவு அது. வேட்டை முடிந்து 10 பேரும் திரும்பி வந்து, வழக்கம்போல் தொழிலைப் பார்த்தனர். சில நாள் கழித்து இருமலும் கண் எரிச்சலும் கண்டன. ஜூன் 18-ஆம் நாள் 10 பேருக்கும் ஒரே சமயத்தில் தடிப்புத் தோன்றிற்று. ஒருவரும் தப்பவில்லை, நாளும் பிசகவில்லை. ஏறத்தாழ இன்னொரு 14 நாள் சென்றபின், அவர்களோடு வாழ்ந்த ஊராரிடையே நோய் கும்பலாகப் பரவிற்று.

இவ்வாறு பல கிராமங்களின் நாட்கணக்கை ஒப்பிட்டுப் பார்த்து, நோயாளியோடு கூடியிருந்த நாளுக்கும் தடிப்புத் தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 13 அல்லது 14 நாள் செல்லும் என்று பானும் நிறுவினார். நோயாளிகள் வாராதபடி வழியை அடைத்துக்கொண்ட கிராமங்கள் தப்பியதையும் அவர் எழுதியிருக்கிறார். மேலும் ஒன்று. 1781-இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியோர் 98 பேர் அத்தீவுகளில் அப்பொழுது உயிரோடிருந்தனர். அவர்களுள் ஒருவருக்கும் அது மறுபடி காணவில்லை. அவர்களைக் காத்தது முதுமை அன்று. ஏனெனில் இளமையில் அந்நோய் காணாத வேறு முதியோர் அதே ஆண்டில் நோயுற்றனர். ஒருமுறை கண்ட உடம்பு 65 ஆண்டு கழித்தும் நோயை நினைவில் வைத்திருந்தது.

இனி, இந்த 14 நாட்களுக்குள் நடப்பது என்ன என்பதே கவனிக்கத்தக்க விஷயம். முதல் ஏழெட்டு நாட்களுக்கு மேல் ஒரு குறியும் இராது. பிறகு காய்ச்சல், இருமல், மூக்கில் நீர் வடிதல், கண் சிவத்தல் ஆகியவை காணும். இதனைச் சாதாரண ஜலதோஷம் என்றே எவரும் எண்ணுவர். பிள்ளை சிணுங்குகிறதென்று பாட்டி மடியில் வைத்துக்கொள்வாள். அத்தை இடுப்பில் ஏந்துவாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தொட்டிலருகே அதனை உட்கார்த்துவர். அந்த நாட்களிலேயே அது பிறர்க்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தடிப்புத் தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து, தோன்றியபின் 4 நாள் வரையில், தட்டம்மை பிறரைத் தொற்றும். இருமலிலும் தும்மலிலும் வெளிவரும் வைரஸ், அடைத்த அறையின் காற்றில் 2 மணி நேரம் வரையில் நிற்கக்கூடியது. நோயாளி எழுந்துபோன அறையில் பின்னால் வந்து உட்கார்ந்தவரும் உடனிருந்தவரே ஆவர்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அதனைக் கண்ட அயலார் உள்ளே நுழையார். இது இகழத்தக்கதன்று, அயலாரை விலக்கி நிறுத்தும் நல்ல அறிவிப்பு அது. ஆனால் தட்டம்மையின் விஷயத்தில் அந்த அறிவிப்பு 4 நாள் தாமதித்து வருகிறது. வேப்பிலை செருகும் நாளில், வாசலுக்கு வெளியே நிற்பவரைக் காட்டிலும், அதற்கு முந்திய 4 நாட்களில் உள்ளே வந்துபோனவரையே நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடனிருந்தோர் எல்லோர்க்கும் அபாயம் ஒரே அளவினதா? இங்கிலாந்தில் சைரன்ஸெஸ்டர் என்னும் ஊரில் சாதாரண வைத்தியத் தொழில் நடத்திய ஹோப்-சிம்ப்ஸன் என்பவர், தம்மிடம் வந்த குடும்பங்களையே ஆராய்ந்து 1952-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். வீட்டில் ஒரு பிள்ளைக்கு நோய் கண்டபொழுது, முன்பு அந்நோய் காணாத மற்றப் பிள்ளைகளுள் எத்தனை பேரை அது பற்றிற்று என்பதே அக்கணக்கு. தட்டம்மை 100-க்கு 76 பேரைப் பற்றிற்று. சின்னம்மை 61 பேரை. பொன்னுக்குவீங்கி 31 பேரை. தடுப்பாற்றல் இல்லாமல் நெருங்கியிருப்போருள் 100-க்கு 90 பேர் வரையில் தட்டம்மை பற்றும் என்பது இக்காலத்து வைத்தியர் கூறும் அளவு. ஒரே பாயில் படுத்த சகோதரன் தப்பிய கதையைச் சொல்லி அலட்சியம் செய்வோர் உண்டு. அப்படித் தப்புவோர் சிலரே. அச்சிலர் யாரென்று முன்கூட்டி அறிய வழியில்லை.

பானும் காலத்தில் உடனிருந்தவர் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. 1963-இல் தட்டம்மைத் தடுப்பூசி வழக்குக்கு வந்தது. இந்தியாவில் இப்பொழுது பிள்ளைக்கு 9 மாதம் நிரம்பியவுடன் ஒரு தவணையும், 16 மாதத்துக்கு மேல் 24 மாதத்துக்குள் மறு தவணையும் இலவசமாகப் போடுகிறார்கள். இதைப் பலரும் அறிவர். பலர் அறியாதது யாதெனில், நோயாளியோடு கூடியிருந்த பின்பும், 3 நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் போட்டால், தடுப்பூசி நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ கூடும் என்பதே. தடுப்பூசி மெதுவாகப் பதியும் தட்டம்மையை முந்திக்கொள்கிறது. ஆனால் இந்த 3 நாள், வேப்பிலை செருகிய நாளிலிருந்து எண்ணத்தக்கதன்று. முதலில் கூடியிருந்த நாளிலிருந்து எண்ணத்தக்கது. ஆகவே ஒரே வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நேற்றோ முந்தாநாளோதான் முதன்முறையாக வந்துபோன அயல்வீட்டுப் பிள்ளைக்குக் காலம் இருக்கும். அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் அன்றைக்கே செய்தி சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

9 மாதம் நிரம்பாத கைக்குழந்தை, கர்ப்பிணி, மெலிந்த பிள்ளை ஆகிய இவர்கள் உடனிருந்திருந்தால் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும். இத்தகையோர்க்கு, கூடியிருந்த 6 நாளுக்குள் கொடுக்கத்தக்க வேறொரு ஊசி மருந்து உண்டு. யாருக்கு அது வேண்டும் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். நோய் கண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்க உதவும் முறை. மூச்சிரைப்பு, ஓயாத பேதி, கண் மங்கல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

கிராமத்தில் பேரேடு எழுதும் பழக்கமுள்ள ஸ்தாபனம் கூட்டுறவுச் சங்கம். பால் ஊற்ற வருவோர், உரம் வாங்க வருவோர், கடன் கட்ட வருவோர் எல்லோரையும் காரியதரிசி அறிவார். ஊரில் தட்டம்மை என்ற செய்தி எட்டியவுடன் கிராம சுகாதாரச் செவிலிக்கு ஆள் அனுப்பி, ஒரு தாளில் நான்கு பத்தி கோடிட்டு எழுதிக்கொண்டால் அவருக்குப் பேருதவியாயிருக்கும்: உடனிருந்தவர் பெயர், கடைசியாகக் கூடியிருந்த நாள், முன்பு நோய் கண்டதா, தடுப்பூசி எத்தனை தவணை ஆயிற்று. இரண்டு தவணையும் ஆனவரைப் பற்றிக் கவலை சிறிது. மற்றவர்க்கு, கூடியிருந்த நாளிலிருந்து 21 நாள் வரையில் எண்ண வேண்டும்; ஏனெனில் 14 நாள் என்பது நடுத்தரக் கணக்கு, சிலருக்கு ஒரு வாரம் முந்தியும் சிலருக்கு ஒரு வாரம் பிந்தியும் வரும். அந்நாட்களில் அப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கலியாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் அனுப்பாமல், காய்ச்சலும் இருமலும் காணுகின்றனவா என்று தினந்தோறும் பார்த்து வருதல் வேண்டும். 21 நாள் கழிந்தும் ஒன்றும் காணாத பிள்ளையின் பெயரைத் தாளிலிருந்து அடித்துவிடலாம். அப்பிள்ளை மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகலாம்.