அட்டை இல்லாதவருக்கு ஏது காப்புறுதி?



தேசிய சுகாதாரக் காப்புறுதி வந்தால் சந்தாவை யார் கட்டுவது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வழக்கறிஞன் நான் கேட்பது வேறு: பட்டியலில் யார் பெயர் இருக்கும்?

2019-இல் மைசலாம் திட்டம் வந்தது. கடும் நோய் கண்ட ஏழைக்கு 8,000 வெள்ளி, அரசாங்க மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 50 வெள்ளி. குறை சொல்லவில்லை. ஆனால் குடிமக்களுக்கு மட்டும்.

நம் தோட்டங்களில் பலர் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லை. பதிவுப் பத்திரம் இல்லையென்றால், பிள்ளை தகப்பனின் குடியுரிமையைக் கேட்க முடியாது. தாயின் நிலைதான் அதற்கும். தாய்க்கே பத்திரம் இல்லையென்றால்? தகப்பன் நீல அட்டைக்காரராக இருந்தும் பயனில்லை.

குடிமகனுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி. அட்டை இல்லாதவர் இங்கேயே பிறந்தவரானாலும் வெளிநாட்டவர் கட்டணம். என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை நோய், காலில் புண். கட்டணத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறார். "மருந்து இருக்கட்டும் ஐயா, அட்டை கிடைக்குமா?" என்றார்.

2023 ஜூனில் மக்களவை ஏற்ற சுகாதார வெள்ளையறிக்கை 15 ஆண்டுகளுக்கான திட்டம். அதன்கீழ் சட்டங்கள் எழுதப்படும்போதே நாம் கேட்க வேண்டியது ஒன்று: குடியுரிமைக்கு மனுச் செய்து காத்திருப்பவர், மனு எண்ணைக் காட்டினாலே குடிமக்கள் கட்டணம், காப்புறுதி வந்தால் அதிலும் இடம்.

மனு நகல், பிறப்புப் பத்திரம், பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். பின்வரிசை மேசையில் இருப்பேன்.