மனநலமும் நம் குடும்பமும்



ஜோகூரில் வாழும் நமக்குத் தம்போய் என்னும் பெயரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தார் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொல்லி நகைப்பார்கள். நாம் தம்போய் என்கிறோம். பள்ளித் திடலில் பந்து விளையாடும் பிள்ளைகள்கூடச் சண்டை வந்தால், "உன்னைத் தம்போய்க்கு அனுப்பணும்" என்று ஏசிக்கொள்வதை ஆசிரியர்களாகிய நாங்கள் இன்றைக்கும் கேட்கிறோம். அங்கே 1937ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு இப்போது பெர்மாய் மருத்துவமனை என்று பெயர். பெர்மாய் என்றால் மலாய் மொழியில் அழகானது என்று பொருள். பெயர் அழகாகிவிட்டது, நம் அச்சம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

இந்த அச்சத்தால் விளையும் கேடு என்ன? மனத்தில் வரும் நோய் என்றாலே தம்போய்தான் என்று எண்ணி, அதை வாய்விட்டுச் சொல்லவே கூசுகிறோம். முற்றிப்போன பிறகே மருத்துவரைத் தேடுகிறோம். ஆனால் மனநோய்களில் பெரும்பாலானவை தம்போய் வரைக்கும் போகவேண்டியவை அல்ல. இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நாம் போய் வருகிற அதே அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அங்கே தனியாகப் போகாமல் குடும்பமாகப் போவது ஏன் நல்லது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். முதுகில் அடிபட்டதிலிருந்து வேலை குறைந்துவிட்டது, மாலையானால் குடி. மனைவிக்கு ஓயாத தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, இரவில் தூக்கமில்லை. மருமகளுக்குக் காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று மாமியார் பூசாரியிடம் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கி வருகிறார். நான்காம் ஆண்டில் படிக்கும் பையன் வகுப்பில் தூங்குகிறான். கேட்டால் பதில் இல்லை. இப்படிப்பட்ட வீடு எந்தத் தோட்டத்துக்கும் புதிதன்று. முதுகை டிரசர் பார்க்கிறார். தலைவலிக்கு மருத்துவர் மாத்திரை தருகிறார். மாமியாரின் பயத்தைப் பூசாரி கேட்டுக்கொள்கிறார். பையனை நாங்கள் பார்க்கிறோம். ஒரே வீட்டின் துன்பம் நான்கு பேரிடம் நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் யார்?

அதற்கு ஏற்ற இடம் பக்கத்துக் கிளினிக்தான். தாய்க்குப் பிரசவக் காலச் சோதனை, பிள்ளைக்குத் தடுப்பூசி, பாட்டிக்கு இனிப்பு நீர் மருந்து என்று வீட்டார் அனைவரும் போய் வருவது அங்கேதான். நம் நாட்டில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து மனநலச் சேவையைச் சுகாதார கிளினிக்குகளுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1998இல் தேசிய மனநலக் கொள்கை வந்தது. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், பெரிய மருத்துவமனைகளோடு சமூக மனநல மையங்களுக்கும் இடம் தந்தது. மெந்தாரி என்ற பெயரில் அத்தகைய மையங்கள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. 2023இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. நூறு பேர் பெரட்டுக்கு நின்றால் அதில் நாலைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலைந்து பேரும் தம் வாயால் "மனம் சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள். "உடம்பெல்லாம் எரியுது, தலை கனக்குது, சோறு இறங்கல" என்பார்கள். அது நடிப்பன்று, மனத்தின் நோய் உடம்பில் அப்படித்தான் தெரிகிறது. ஆகவே கிளினிக்கில் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தருவார்கள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா, வாழவே வேண்டாம் என்று தோன்றியதா என்றெல்லாம் அதில் இருக்கும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இரத்தக் குறைவாலும் தைராய்டுக் கோளாறாலும்கூட இத்தகைய சோர்வு வரும் என்பதால் இரத்தம் எடுத்தும் பார்ப்பார்கள்.

இங்கே மொழித் தொல்லை ஒன்று இருக்கிறது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. தாய்க்கு மலாய் அரைகுறை. உடனே ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் மொழிபெயர்க்க அழைத்துப் போகிறார்கள். வருகைப் பதிவில் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் விடுப்பு என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. அப்பா அடித்ததையும், அம்மா சாக நினைத்ததையும் பதினொரு வயதுப் பிள்ளை தன் வாயால் மருத்துவரிடம் சொல்லவேண்டி வருகிறது. சில தாய்மார் பிள்ளைக்காக அதை மறைத்து, "தலைவலி மட்டுந்தான்" என்று சொல்லி மாத்திரையோடு திரும்பிவிடுகிறார்கள். பிள்ளையை வெளியே உட்காரவையுங்கள். பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள். "சூசா ஹாத்தி", "தாக் லெனா தீடோர்" என்ற இரண்டு சொற்களே பேச்சைத் தொடங்கப் போதும். சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டு போய் நீட்டலாம்.

இனி, குடும்பத்தின் பங்கு. பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் 1950-களில் வித்யாசாகர் என்ற மருத்துவர் இருந்தார். அக்காலத்தில் மனநோயாளி என்றால் அடைத்துவைப்பதுதான் வழக்கம். அவரோ மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடிக்கச் செய்து, நோயாளியின் உறவினரை உடன் தங்கவைத்தார். நோயைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். சீக்கிரமே குணமாகிப் பலர் வீடு திரும்பினார்கள். நம் முன்னோரில் பலர் கப்பலேறி வந்த வட ஆற்காட்டிலும் இதே முறை வேர்விட்டது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1957இல் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் வீட்டார் ஒருவராவது தங்கவேண்டும் என்பதே முறை. சமைப்பதும் பேசுவதும் பழகுவதும் எல்லாம் வைத்தியத்தின் பகுதிகள் ஆயின.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற அறிஞர் கண்டறிந்தது இன்னொன்று. மருத்துவமனையிலிருந்து குணமாகிப் போன நோயாளிகளில் சிலருக்கு நோய் ஏன் திரும்பி வருகிறது என்று அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்கும், மூச்சுவிட இடம் கொடாமல் கண்காணிக்கும் வீட்டுக்கும் போனவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்பியது. பின்னர் இந்தியாவில் சண்டிகர் நகரில் அதே ஆய்வைச் செய்தபோது, லண்டன் வீடுகளைவிட அங்கே குறை சொல்லும் வீடுகள் குறைவாகவே இருந்தன. இதைக் கேட்டு நாம் உடனே மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் பேசுவது இப்பால் கேட்கும். "சும்மா படுத்தே கிடக்கிறா" என்ற சொல் நோயாளியின் காதில் ஒரு நாளைக்கு எத்தனை முறை விழுகிறது என்று அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

குடும்ப சிகிச்சை என்றால் பலர் பஞ்சாயத்து என்று நினைக்கிறார்கள். அங்கே யாருக்கும் தீர்ப்பு இல்லை. வீட்டாரைச் சேர்த்து உட்காரவைத்து, நோய் இன்னது, அது சோம்பலோ நடிப்போ அன்று என்று விளக்குவார்கள். யார் எதைச் சொன்னால் யாருக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். நாம் சொன்ன வீட்டையே பாருங்கள். மாமியார் பயந்தது மருமகளை இழந்துவிடுவோமோ என்றுதான். கணவர் குடித்தது வலியாலும், சம்பளம் குறைந்த வெட்கத்தாலும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் இருவரும் இதைச் சொல்லிக்கொண்டதில்லை. கணவரின் முதுகுக்கும் குடிக்கும் அதே கிளினிக்கில் வழி கேட்கலாம். இன்னும் ஆழ்ந்த ஆலோசனை தேவை என்று கண்டால் மருத்துவர் மெந்தாரிக்கோ பெரிய மருத்துவமனைக்கோ கடிதம் தருவார். கோயிலுக்குப் போவதை நாம் தடுக்கவில்லை; அர்ச்சனை முடிந்து கிளினிக்குக்கும் போகலாமே!

மருந்து கொடுத்தால் அதைப் பற்றி வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மனச்சோர்வு மருந்து தலைவலி மாத்திரை போல அன்றே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் மயக்கமும் இருக்கலாம். "மருந்தால்தான் இப்படி ஆகிவிட்டது" என்று யாராவது தூக்கி எறிந்துவிடுவது அந்த வாரத்தில்தான். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிடவேண்டும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தோட்டங்களில் பல குடும்பங்கள் இதனால் கண்ணீர் சிந்தியிருக்கின்றன. முன்பு தற்கொலைக்கு முயல்வது தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. போலீசுக்குப் பயந்து, "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று மருத்துவரிடமே பொய் சொன்ன குடும்பங்கள் உண்டு. 2023இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. ஆகவே இனி மறைக்கவேண்டியதில்லை. பாராகுவாட் களைக்கொல்லியும் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது; ஆனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சாவி போட்டுப் பூட்டிய கொட்டகையில் வையுங்கள். ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் உடன் இருங்கள். நேரே கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது. சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929. ஆபத்து கண்முன் இருந்தால் 999-ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே கொண்டு போங்கள்.

கிளினிக்கில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் மலாயில் எழுத வேண்டுமென்றால், பள்ளி முடியும் நேரத்தில் பிள்ளையின் ஆசிரியரிடம் வந்து கேளுங்கள். எழுதித் தருகிறோம், படித்ததை வெளியே சொல்லவும் மாட்டோம்.