வீட்டுக் கணக்கும் எளிய எழுத்தும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அறிஞர் பலர் இலக்கியம் பேசிய இம்மேடையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அரிசி, பால், பள்ளிக் கட்டணம் முதலியவற்றின் கணக்கு. இது விழா மேடைக்கு உரியதோ என்று தாங்கள் ஐயுறலாம். பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த நம்மில் எவர்க்கும் இஃது அயலான பொருளன்று.

என் தந்தையார் 1962-ஆம் ஆண்டில் எழுத்தர் பணியேற்றுத் தில்லிக்கு வந்தார். கரோல்பாக்கில் ஓர் அறையில் குடியிருந்தபோது அவர் எழுதத் தொடங்கிய கணக்கு நோட்டுகள் இன்றும் என்னிடம் உள்ளன. ஒவ்வொரு மாதமும் முதல் வரி ஒன்றே: ஊருக்கு மணியார்டர். வாடகைகூட இரண்டாம் வரிதான்.

நானோ கைப்பேசிச் செயலி ஒன்றில் மூன்றாண்டுகள் கணக்கு எழுதினேன். ஒருநாள் அச்செயலி நிறுத்தப்பட்டது. கணக்கும் அதனோடு மறைந்தது. அறுபதாண்டுகளுக்கு முந்திய மைக்கணக்கைப் படிக்க முடிகிறது. நான் நேற்று எழுதியதைப் படிக்க இயலவில்லை!

இக்குறைக்கு மருந்தாக ஒரு முறை உண்டு. 2003-இல் ஜான் வீக்லி என்பார் 'லெட்ஜர்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். அதன் வழியில் 2007-இல் சைமன் மைக்கேல் என்பார் 'எச்-லெட்ஜர்' என்பதைத் தொடங்கினார். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. கணக்கை நாம் சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதுகிறோம். மென்பொருள் அதைப் படித்துக் கூட்டித் தருகிறது. நாளை மென்பொருள் மறைந்தாலும் கோப்பு நம்மிடமே இருக்கும், கண்ணாலேயே படிக்கலாம்.

எழுதும் முறை எளிது. முதல் வரியில் தேதியும் விவரமும். அதன்கீழ்ச் சற்று உள்தள்ளி, 'செலவு:மளிகை' 1,200 ரூபாய். அடுத்து, 'சொத்து:வங்கி' கழித்தல் 1,200 ரூபாய். இரண்டையும் கூட்டினால் சுழியம் வரவேண்டும். வராவிடில் மென்பொருள் பிழையைச் சுட்டும். தலைப்புக்கும் தொகைக்கும் நடுவே இரண்டு வெற்றிடமேனும் விடவேண்டும். புதியவர்கள் இங்கேதான் இடறுவர். தலைப்புகளைத் தமிழிலேயே எழுதலாம். எச்-லெட்ஜரில், எது சொத்து, எது செலவு என்று தொடக்கத்தில் ஒருமுறை அறிவித்தால் போதும்.

இது முற்றிலும் புதுமையன்று. இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிசில் அச்சான நூலில் லூக்கா பச்சோலி விளக்கினார். நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய காலத்தில், பேரேடு எழுதி ஐந்தொகை கண்டனர். சொத்து, கடன், முதல், வரவு, செலவு என்னும் ஐந்து தலைப்புகளில் நம் குடும்பக் கணக்கும் அடங்கும்.

மாதத் திட்டத்தையும் அதே கோப்பில் எழுதலாம். மளிகைக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று குறித்துவைத்தால், எச்-லெட்ஜர் திட்டத்தையும் செலவையும் அருகருகே காட்டும். 2016-இல் யூபிஐ வந்தபின் பணம் கையைவிட்டுப் போவதே தெரிவதில்லையாதலால், இது மிகவும் வேண்டப்படுவது.

முதல் மாத முடிவில் நான் கண்டதைச் சொல்ல நாணுகிறேன், ஆயினும் சொல்கிறேன். உணவகங்களிலிருந்து வீட்டுக்கு வரவழைத்து உண்ட தொகை, ஊரில் தனித்திருக்கும் என் அன்னையாருக்கு அனுப்பிய தொகையைவிட மிகுதி! சிறுசிறு தொகைகளாகச் சென்றதால் அதுவரை நான் அறிந்திலேன். என்னை எவரும் கடிந்துகொள்ளவில்லை, கணக்கே கடிந்தது. அடுத்த மாதக் கோப்பில் முதல் வரியை மாற்றினேன். அதை நீங்களே ஊகிப்பீர்கள்.

அன்பர்களே! இதற்கு நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். ஞாயிறுதோறும் வங்கி இருப்போடு ஒப்பிடுங்கள். கணவன் மனைவி இருவரும் எழுதுங்கள். ஒருவர் மட்டும் அறிந்த கணக்கு, அவர் நோயுற்றால் மற்றவர்க்கு இருட்டறையாகும். கோப்பின் படியொன்றை வேறிடத்தில் வையுங்கள்.

நம் பிள்ளைகள் நம் வங்கி இருப்பை ஒரு நொடியில் அறிந்துகொள்வர். நாம் எதை முதலில் வைத்து வாழ்ந்தோம் என்பதை, நாம் எழுதிவைத்தால்தான் அறிவர்.